தறிக்கு யாரும் விசிலடிப்பதில்லை

போன மாதம் அவிநாசி சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வரவேற்புக்குப் போயிருந்தேன். பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்காதீர்கள். பத்திரிகையைப் பையில் வைத்து ஆட்டோவில் ஏறும்போது தெரிந்திருந்தது, இறங்கும்போது மறந்துவிட்டது. என் வரிசையில் பதினான்கு நாற்காலிகள். ஒன்பதில் ஆள், நான்கில் கைப்பை, ஒன்றில் நான். மேடையில் பாட்டுக் கச்சேரி. பாடகரை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அல்லது செல்போனில் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ் அடித்தவள் இருபது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண். ஒரு பாட்டில் பதினோரு தடவை குச்சியை விரல்களுக்குள் சுற்றினாள். பதினோரு தடவையும் அவள் குச்சியைப் பார்க்கவில்லை. கூட்டமும் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன்.

அப்போது பக்கத்து நாற்காலிக்காரர் என் மடியைக் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, வலது கை நடுங்குதுங்களே. டாக்டருகிட்டக் காட்டுனீங்களா?"

"நடுக்கமில்லீங்க. பழைய பழக்கமுங்க."

"இப்படித்தானுங்க என்ற மாமனாரும் பழக்கம் பழக்கம்னு சொல்லிட்டிருந்தாரு." அதற்கு மேல் மாமனார் என்னவானார் என்று சொல்லாமல் மரியாதையாக நிறுத்திக்கொண்டார். கோயமுத்தூரில் நரம்புக்கு நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்றார். பந்தியில் மறுபடி என்னைத் தேடிவந்து, அந்த டாக்டரின் பேரைச் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ரசம் ஊற்றும்போது மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. என் மனைவி இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அவள் போய்ச் சில வருஷம் ஆகிறது. மகன் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், அன்று வியாழன். ஞாயிறு வருவதற்குள் இதிலிருக்கும் சிரிப்பு ஆறிப்போகும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

மண்டப வாசலில் தட்டில் வைத்திருந்த சந்தனத்தை மணிக்கட்டில் தொட்டுக்கொண்டிருந்தேன். சட்டையைக் கழற்றும்போது அந்த வாசனை வந்தது. எல்லாருக்கும் சந்தனம் என்றால் கோயிலோ கல்யாணமோ நினைவுக்கு வரும். எனக்குப் பொரி நினைவுக்கு வரும். அந்தரத்தில் பறக்கும் பொரி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தாராபுரத்துக்குப் பக்கத்திலிருந்து பி.காம். முடித்த கையோடு திருப்பூருக்கு வந்தவன் நான். ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் கிளார்க். பனியனை டஜனாக எண்ணி, டஜனைப் பெட்டியாக எண்ணி, பெட்டியை லாரியில் ஏறும்போது மறுபடி எண்ணுவது என் வேலை. அந்த வியாதி அன்றைக்குப் பிடித்தது. படியேறினால் படியை எண்ணுவேன், சாப்பிட்டால் இட்லியை எண்ணுவேன். பக்கத்தில் ஒருவர் இருமினால், ஐயோ பாவம் என்று நினைப்பதற்கு முன்னால் எத்தனையாவது இருமல் என்று மனசு குறித்துக்கொள்ளும். இதனால் நான் இழந்த நண்பர்கள் சிலர் உண்டு. எத்தனை பேர் என்றும் தெரியும். விடுங்கள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு அறை. ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். விடுமுறை நாளில் சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணுவதுதான் பொழுதுபோக்கு. சனிக்கிழமை மாலை கம்பெனியை விட்டு வந்தால் திங்கட்கிழமை காலை வரை யாரோடும் பேச வேண்டிய அவசியமே இருக்காது. ஒரு ஞாயிறு மாலை டீக்கடையில் "ஒரு டீ" என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. கடைக்காரர் நான் ஊமை என்று நினைத்து விரலைக் காட்டி, ஒன்றா இரண்டா என்று சைகையில் கேட்டார். நானும் ஒரு விரலைக் காட்டிவிட்டேன். அதற்கப்புறம் அந்தக் கடைக்குப் போனால் பேசக் கூச்சமாக இருந்தது. கடையை மாற்றிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில்தான் மாஸ்டர் என்னைப் பிடித்தார். மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி மேஜைமேல் போட்டு வெட்டுகிறவர். ஆனால் வாரத்தில் ஒரு நாள் அவர் வேறு மாஸ்டர்: ஆர்மோனியம் வாசிப்பார், பாடுவார், சொந்தமாக ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். கோயில் நோம்பி, கல்யாணம், கம்பெனி விழா என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவார்கள். நான் காலிப் பெட்டிகளை விரலால் தட்டித் தட்டி எண்ணுவதை ஒரு நாள் நின்று கேட்டார்.

"தம்பி, நீ பொட்டிய எண்ணறயா, தாளம் போடறயா?"

"எண்ணறேனுங்க."

"நெசமாவா? எண்ணறது இத்தன சுத்தமா நான் கேட்டதில்ல. ஞாயித்துக்கெழம மங்கலத்துக்கு வா."

மங்கலத்தில் அவர் மச்சானுடைய விசைத்தறிக் கூடம். எட்டுத் தறி. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, அதனால் அன்று அங்கே ஒத்திகை. பஞ்சுத் துகளும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை, மூக்கில் ஏறினால் திங்கட்கிழமைதான் இறங்கும். உச்சஸ்தாயி வரும்போதெல்லாம் பாடகர் தும்முவார். இரண்டு தறிகளுக்கு நடுவே ஒரு பழைய டிரம்ஸ் செட். உட்காரச் சொன்னார்கள். அடித்தேன். எனக்கு இசை தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் நாலு என்றால் எனக்கு நாலு. எட்டு என்றால் எட்டு. பாட்டுக்குத் தப்பினாலும் தப்பும், எண்ணிக்கை தப்பாது.

மத்தியானம் மாஸ்டர் வீட்டம்மா எல்லாருக்கும் சோறு போட்டார். பச்சைப்பயிறு கடைசல். "தம்பிக்கு இன்னுங் கொஞ்சம் வெய்யுங்க, எலும்பு தெரியுது" என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து ஒரு கூட்டமே சிரித்தது திருப்பூர் வந்த பிறகு அன்றுதான். திரும்பி வரும் பஸ்ஸில் நான் எதையும் எண்ணவில்லை என்பது லாட்ஜ் படியேறும்போதுதான் உறைத்தது. அப்புறம் எனக்கு வாரம் என்றால் ஞாயிறு. மற்ற ஆறும் அதற்கு வழி.

இது இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. பிறகு திருமுருகன்பூண்டிப் பக்கம் ஒரு நோம்பியில் எங்களுக்கு அடுத்து இன்னொரு குழு வாசித்தது. அவர்களுடைய டிரம்ஸ்காரன் அடிக்கிற இடைவெளியில் குச்சியை விரலுக்குள் விட்டுக் காற்றாடி மாதிரி சுற்றினான். மேலே எறிந்து பிடித்தான். கூட்டம் விசிலடித்து மேடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எங்களுக்கு வந்த கைதட்டலை அந்த விசில் மூடிப் புதைத்தது. திரும்பும்போது வேனில் மாஸ்டர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"தம்பி, நீ அடிக்கறதுல ஒரு குத்தஞ் சொல்ல முடியாது. தறியாட்டம் அடிக்கற."

பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

"தறிக்கு யாராச்சு விசிலடிப்பாங்களா, சாமி?"

வேனில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் பகுதியில் புதிதாக ஒரு டெய்லர் வந்திருப்பதாகவும், அவனுக்குக் குச்சி சுற்ற வரும் என்றும், தெற்கே அவன் ஊர்ச் சர்ச்சில் அடித்துப் பழகியவன் என்றும் மாஸ்டர் சொன்னார். "ஆயுத பூசை வரைக்கும் பாக்கலாம். உனக்கு வந்துட்டா அப்பறம் பேச்சே இல்ல." ஆயுத பூஜையன்று எங்கள் கம்பெனி வளாகத்திலேயே கச்சேரி நடக்கும். வருஷம் தவறாது.

அவர் கேட்டது குச்சி சுற்றுவதை. எனக்குக் கேட்டது ஞாயிற்றுக்கிழமை. இந்த இடம் போனால் நான் மறுபடி ஜன்னலுக்குப் போய் ரயில்பெட்டி எண்ண வேண்டும்.

பழக ஆரம்பித்தேன். ஆபீசில் கோடு போடும் உருண்டை ரூல்தடி ஒன்று இருந்தது, கறுப்பு மரம், வழவழப்பு. அதில்தான் முதல் பாடம். நடுவில் எடை சமமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கவ்வ வேண்டும். கட்டைவிரல் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். குச்சி நடுவிரலைச் சுற்றிப் புறங்கைப் பக்கமாகப் போய் உள்ளே வரும். வரும்போது கட்டைவிரல் வாசலில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். சொல்லும்போது சுலபம். என் கட்டைவிரல் வழியனுப்பியது, வரவேற்க மட்டும் வரவே இல்லை. ரூல்தடி கீழே விழும், உருளும், பீரோவுக்கு அடியில் போகும். அடுத்த அறையிலிருந்து முதலாளி, "என்னப்பா அங்க, எலியா?" என்பார். "பாக்கறேனுங்க" என்று குனிவேன். எலிப்பொறி ஒன்று வாங்கி வைத்துவிட்டார்.

லாட்ஜில் வேறு தொல்லை. குச்சி தரையில் விழுந்தால் 'டொக்' என்று கீழ் அறைக்கு இறங்கும். வாட்ச்மேன் மேலே வந்தார். "ஏனுங்க சார், கீழ் ரூம்காரரு கேக்கச் சொன்னாருங்க. தேங்கா ஒடைக்கிறீங்களாமா? ஒடைச்சா ஒரு மூடி அவருக்கும் வேணுமாமா." மறுநாள் கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் இரண்டு மூட்டை கேட்டு வாங்கிவந்து அறை முழுக்க விரித்தேன். பனியன் துணித் துண்டுகள், முழங்கால் உயரத்துக்கு. அதற்கப்புறம் குச்சி விழுந்தால் சத்தமே இல்லை. தேடி எடுப்பதுதான் பாடு. படுக்கையும் அதன்மேலேயே. வாழ்நாளில் அத்தனை மெத்தென்று நான் படுத்ததில்லை.

என் வழியில் எண்ணித்தான் பழகினேன். ஒன்று, கவ்வு. இரண்டு, தள்ளு. மூன்று, விலகு. நான்கு, வாங்கு. ஓவர்லாக் டெய்லர் எப்படிச் செய்கிறான் என்று ஒளிந்தும் பார்த்தேன். பேர் ஜெபராஜ். என் வயதுதான். டீ நேரத்தில் நூல் வெட்டும் சின்னக் கத்திரியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே கதை சொல்வான். சுற்றிலும் பத்துப் பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பெட்டிகளுக்குப் பின்னால் நான் டீ டம்ளரோடு நிற்பதை ஒரு நாள் பார்த்துவிட்டான்.

"என்ன கணக்குப்பிள்ள, கத்திரியும் உம்ம எண்ணிக்கையில வருமா? வாரும், வந்து எண்ணும்."

காது சூடாகி அங்கிருந்து நழுவிவிட்டேன். அவனை வெறுக்க அது போதுமான காரணமாக இருந்தது.

பூஜைக்கு முந்தின வாரம் எனக்குப் பத்துக்கு எட்டு வந்தது. இப்போது என் புத்தியைக் கேளுங்கள். பத்துக்கு இரண்டு விழும். ஆகவே மேடையில் எட்டுத் தடவை மட்டும் சுற்றினால் விழாது. வணிகவியல் பட்டதாரியின் கணக்கு இது. அந்த இரண்டும் கடைசியில்தான் வரிசையில் நிற்கும் என்று நம்பியிருக்கிறேன்.

ஆயுத பூஜையை எங்கள் ஊர்க் கம்பெனிகளில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெஷினையெல்லாம் துடைத்து எண்ணெய் போட்டு, ஒவ்வொன்றின் நெற்றிக்கும் சந்தனம் குங்குமம். கத்திரி, டேப், அயர்ன் பாக்ஸ், தராசு, என் ரூல்தடி வரை சாமி முன்னால் அடுக்கியிருக்கும். பக்கத்தில் அண்டா அண்டாவாகப் பொரி. வைத்த ஆயுதத்தை மறுநாள்தான் எடுப்பார்கள். எங்கள் குழுவுக்கு மட்டும் மாஸ்டர் ஒரு விலக்கு வாங்கியிருந்தார்: ஆர்மோனியமும் டிரம்ஸும் ஆயுதம்தான், பூஜையில் வைப்போம், ஆனால் தீபாராதனை முடிந்ததும் சாமிக்கே முதல் பாட்டு, அதனால் அவற்றை எடுக்கலாம்.

முதலாளியம்மா தாராளமான கை. என் குச்சிகளை இரண்டு கையாலும் நீட்டினேன். குழைத்த சந்தனத்தை விரலில் வழித்து, ஒவ்வொன்றிலும் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். எங்கே என்கிறீர்கள்? எடை சமமாக நிற்கும் அதே இடத்தில். "நல்லா வாசி கண்ணு" என்றார்.

மேடையேறும்போது பார்த்தேன். சந்தனம் காயவில்லை, மினுமினுத்தது. சட்டை நுனியால் ஒரு துடை துடைத்தால் போதும். முடியவில்லை. எங்கள் வீட்டில் சாமி முன்னால் வைத்த சந்தனத்தை யாரும் துடைக்க மாட்டார்கள். அதுவாகக் காய்ந்து அதுவாக உதிர வேண்டும். என் அம்மா வாயால் சொன்னதுகூட இல்லை, கையால் சொன்ன சட்டம். படித்தவன், குச்சி வழுக்கும் என்று தெரிந்தவன், அதைத் துடைக்காமலே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாமி பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டில், இடைவெளி வந்தது. சுற்றினேன். வந்து கட்டைவிரலில் உட்கார்ந்தது. எங்கேயோ கடைசி வரிசையிலிருந்து ஒரு விசில். ஒரே ஒரு விசில். அது இன்னும் என் காதில் இருக்கிறது. மிதப்பில் அடுத்த இடைவெளியில் மறுபடி தள்ளினேன். எங்கள் ஊர் அமராவதி ஆற்றில் கையில் பிடித்த கெண்டை மாதிரி நழுவிற்று. முன்வரிசையின் தலைக்கு மேல் பறந்து போய் பொரி அண்டாவில் தலைகுப்புற விழுந்தது. பொரி ஒரு ஆள் உயரத்துக்கு எழுந்து, விளக்கு வெளிச்சத்தில் மெதுவாக இறங்கியது.

எத்தனை பேர் சிரித்தார்கள் என்று அன்று எண்ணவில்லை. இடது கையில் இருந்த ஒற்றைக் குச்சியால் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, நான் இதைச் சொல்வதற்காக மன்னியுங்கள்.

ஜெபராஜ் கூட்டத்திலிருந்து எழுந்து போய் அண்டாவில் கையை விட்டுக் குச்சியை எடுத்தான். பனியனில் துடைத்தான். நிதானமாக மேடையேறினான். என்னிடம் கொடுக்கக் கையை நீட்டும்போது, வேண்டுமென்றே அல்ல, அவன் கைக்கு அது பழக்கம், குச்சி விரலுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றியது. வளாகம் முழுக்க விசில்.

"சந்தனத்தத் தொடச்சிருக்கலாம்லா?" என்று காதில் கேட்டுவிட்டு இறங்கிப் போனான்.

மாஸ்டர் திட்டவில்லை. மறுநாள் என் மேஜைக்கு வந்து மீதிப் பொரியைப் பொட்டலமாக வைத்தார். "அவன் உக்காரட்டும் தம்பி. நீ வா. சும்மா வந்து உக்காரு. சோறு எப்பவும் போலத்தான்."

அந்தச் 'சும்மா' தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்ததும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன். நிலக்கரி வண்டிக்கு ஐம்பத்தெட்டுப் பெட்டி. வேஸ்ட் துணியை வாரிக் கொட்ட மனம் வராமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று ஞாயிறு கழிந்து ஒரு வேலைநாளில் ஜெபராஜ் பேக்கிங் பகுதிக்கு வந்தான். கேட்காமலே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"அது எண்ணாத பெட்டி. எந்திரி" என்றேன்.

"எண்ணும்போது எந்திக்கேன். கணக்குப்பிள்ள, ஒரு சங்கதி. எனக்குச் சுத்த வருது. ஆனா குச்சி மேல போயிட்டுக் கீழ வாரதுக்குள்ள பாட்டு எங்க நிக்குன்னு தெரிய மாட்டேங்கு."

"எண்ண வேண்டியதுதானே."

"சுத்துத நேரத்துல எப்படிவே எண்ண? அவிநாசிக் கச்சேரியில பாட்டுக்காரரு சரணத்துக்குப் போயிட்டாரு, நான் பல்லவியில நிக்கேன். மாஸ்டர் பாத்த பார்வையில எனக்குச் சோறு எறங்கல."

உள்ளுக்குள் குளிர்ந்தது. மறைப்பானேன்.

"நீரு பின்னால வந்து இரும். எண்ணிச் சொல்லும். எண்ணிக்கை உமக்கு, சுத்து எனக்கு."

"எனக்கு என்ன தலையெழுத்து?"

"நான் உமக்குச் சுத்தப் படிச்சுத் தாரேன்."

"எனக்கு வேண்டாம்."

"வேண்டாமா? பொறவு எதுக்குவே ரூமுல கோழி அடை வைக்கமாதிரி துணிய விரிச்சு வச்சிருக்கீரு? வாட்ச்மேன் ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதான்."

சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். அவன் முதலில் சிரித்தான்.

அடுத்த ஞாயிறு மங்கலத்தில், டிரம்ஸுக்குப் பின்னால் நூல் கோன் வரும் மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து எனக்கு ஆசனம் போட்டார்கள். மேடையிலும் அதே பெட்டிதான். பாட்டுச் சத்தத்தில் வாயால் சொன்னால் கேட்காது, அதனால் நெஞ்சுக்கு நேரே விரல்களைக் காட்டினேன். ஐந்து, ஆறு, ஏழு. குச்சியை மேலே எறிந்ததும் அவன் திரும்பி என்னைப் பார்ப்பான். விரலைப் படிப்பான். முன்னால் திரும்புவான், குச்சி கையில் இறங்கும், எட்டு முடிந்து ஒன்றில் சரியாகத் தட்டு விழும். அவன் திரும்புவதும் ஒரு வித்தை என்று கூட்டம் நினைத்துக்கொண்டு அதற்கும் சேர்த்து விசிலடித்தது. கல்யாணமான புதிதில் என் மனைவியை ஒரு கச்சேரிக்குக் கூட்டிப்போனேன். வீட்டுக்கு வந்து கேட்டாள்: "அந்த அண்ணன் ஏனுங்க திரும்பித் திரும்பி உங்களையே பாக்கறாரு? உங்க சட்டையில எதாச்சு ஒட்டியிருந்துச்சா?"

சொன்ன வாக்கை அவன் காப்பாற்றினான். கம்பெனி மொட்டை மாடியில், சாப்பாட்டு நேரத்தில், சாயம் போட்ட துணி காயும் கொடிகளுக்கு நடுவே. பார்த்த முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான்.

"நீரு குச்சியவும் எண்ணுதீருவே. உதடு அசையுது. அதாம் விழுது."

"எண்ணாம எப்படி?"

"பேசும். எதையாச்சும் எங்கிட்டப் பேசும். உம்ம ஊருல ஆறு உண்டுமா?"

அமராவதியைப் பற்றிச் சொன்னேன். வெள்ளம் வந்த வருஷம் எங்கள் எருமையை ஆறு அடித்துப்போனது, மூன்றாம் நாள் இரண்டு ஊர் தள்ளி அது சாவகாசமாகக் கரையேறி யாரோ ஒருவர் வீட்டு வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது, திரும்பி வர மறுத்தது, என் அப்பா அதன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியது. ஜெபராஜ் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "பொறவு?" என்றான். "பொறவு என்னாச்சு?" அவன் என் கையைப் பார்க்கவே இல்லை. நான் குனிந்து பார்த்தபோது குச்சி சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்ததும் விழுந்தது.

அதுதான் நான் குச்சி சுற்றக் கற்றுக்கொண்ட கதை. அவனோடு பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் எனக்கு அது வந்தது. மேடையில் ஒருபோதும் செய்யவில்லை, கேட்கவும் இல்லை. மொட்டை மாடியில் மட்டும். பல வருஷம்.

பிறகு கீபோர்டு வந்தது. அதற்குள்ளேயே தாளம் இருந்தது. பொத்தானை அழுத்தினால் அது பாட்டுக்கு அடிக்கும், எண்ணவும் எண்ணும். தப்பாது. மாஸ்டர் வெகு நாள் தயங்கிவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். "தம்பி, நீ இனி முன்னால உக்காந்து சுகமாக் கேளு." கீபோர்டுக்குக் குச்சி சுற்ற வராது என்பதால் ஜெபராஜை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கீபோர்டோடு நடந்த முதல் கச்சேரி காதர்பேட்டைப் பக்கம் ஒரு தெருவில். ஏழாவது வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். நான் இருந்த இடத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்திருந்தார்கள். ஜெபராஜ் குச்சியை எறிந்தான். எறிந்துவிட்டு, பழக்கத்தில், பின்னால் திரும்பினான். ஸ்பீக்கரைப் பார்த்தான். ஒரு கணம்தான். குச்சியைச் சரியாகவே பிடித்தான், தட்டும் சரியாகவே விழுந்தது, இயந்திரத்தின் புண்ணியம். ஆனால் அடுத்த தடவை எறிந்ததும் அவன் முன்னால் கூட்டத்துக்குள் தேடினான். நான் கையை நெஞ்சுக்கு நேரே வைத்து ஐந்து, ஆறு, ஏழு காட்டினேன். மேடை வெளிச்சத்திலிருந்து இருட்டில் இருப்பவன் தெரிய மாட்டான் என்று எனக்குத் தெரியும். "என்னங்க பண்றீங்க?" என்று மனைவி கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

கண் மங்கி ஓவர்லாக் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும் அவன் ஊருக்குப் போய்விட்டான். கொஞ்ச காலம் போனில் பேசினோம். "பேசும்வே, எதையாச்சும் பேசும்" என்பான். ஒரு நாள் அவன் எண்ணிலிருந்து அவன் மகள் பேசினாள். அடக்கம் முடிந்து நான்கு நாளாகியிருந்தது. எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, போனில் என் பேர் 'கணக்கு' என்று இருந்ததாம். மளிகைக் கடை என்று நினைத்து, பாக்கி இருக்கிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

மங்கலத்துக் கூடத்தில் இப்போது எட்டுத் தறியும் இல்லை, கார் நிறுத்துகிறார்கள். மாஸ்டரும் இல்லை. கம்பெனி இடம் கைமாறி மொட்டை மாடிக்கு மேல் இன்னும் மூன்று மாடி எழும்பிவிட்டது.

வீட்டில் இரண்டு குச்சி வைத்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு ஹாலில் உட்கார்ந்து எடுப்பேன். ஒன்று, கவ்வு. இரண்டு, தள்ளு. விழும். எண்ணாமல் இருக்க வேண்டும் என்று தெரியும், அதற்குப் பேச வேண்டும் என்றும் தெரியும். எருமை கதையைச் சுவரிடம் சொல்லிப் பார்த்தேன். அது திரும்பி வர மறுத்த இடம்வரை சொல்லிவிட்டு நிறுத்தினேன். சுவர் "பொறவு?" என்று கேட்கவில்லை. குச்சி சோபாவுக்கு அடியில் போயிருந்தது. குனிய முடியவில்லை. நாளைக்கு வேலைக்காரம்மா வந்து எடுத்துக் கொடுப்பார்.